ஒரு கணித ஆசிரியனின் வீட்டுக் கணக்கு

எமது பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தாய்மொழியின் சிறப்பைப் பற்றியோ, புலம்பெயர்ந்த மண்ணில் எமது பண்பாட்டைக் காப்பது பற்றியோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். அவை எழுதப்பட வேண்டியவையே. முன்னைய மலர்களில் என்னினும் தகுதி வாய்ந்தோர் அவற்றை எழுதியுமுள்ளனர். நானோ தாயகத்தில் கணிதம் கற்பித்தவன். ஆகவே இவ்வாண்டு ஒரு கணக்கைப் பற்றி எழுத விரும்புகின்றேன். அது எமது வீடுகளின் கணக்கு. வேலை, அந்தரங்கம், நோய்க் காப்புறுதி என்னும் மூன்றும் அதில் அடங்கும். இம்மூன்றும் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும், சுவிற்சர்லாந்தில் வாழும் எமது குடும்பங்களில் அவை ஒரே மேசையில், பெரும்பாலும் ஒரே கடிதஉறைக்குள் வந்து சேர்கின்றன.

இங்கு நான் கூறுபவை என் சொந்தக் கருத்துகளே. பாடசாலை நிர்வாகத்தின் கருத்துகளாக எவரும் அவற்றைக் கொள்ள வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை

2020ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் திகதி சுவிஸ் அரசு நாட்டில் அசாதாரண நிலையைப் பிரகடனம் செய்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. அலுவலகப் பணியாளர்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வீடு சென்றனர். பின்னர் 2021 ஜனவரி 18ஆம் திகதியிலிருந்து சில மாதங்களுக்கு, இயன்ற இடங்களிலெல்லாம் வீட்டிலிருந்தே வேலை செய்வது கட்டாயமாக்கப்பட்டது. பெருந்தொற்று ஓய்ந்த பின்னரும் அப்பழக்கம் ஓயவில்லை. 2023இலும் இந்நாட்டில் வேலை செய்வோரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் எப்போதாவதேனும் வீட்டிலிருந்து பணியாற்றினர்.

ஆனால் அந்த மூன்றிலொரு பங்கினுள் நாம் எங்கே இருந்தோம்? அக்காலத்தில் என் வகுப்பில் 14 பிள்ளைகள் கற்றனர். அவர்களுடைய பெற்றோரில் வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்களாய் இருந்தவர் இருவர் மட்டுமே. ஏனையோர் உணவகச் சமையலறையிலும், வைத்தியசாலைச் சலவைக்கூடத்திலும், அலுவலகத் துப்புரவிலும், முதியோர் பராமரிப்பிலும் இருந்தனர். நானும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்திலேயே பணியாற்றுகின்றேன். 80 முதியவர்களுக்கான சூப்பைக் கணினித் திரையினூடாகக் காய்ச்ச முடியாது. நாடு முழுவதும் வீட்டுக்குள் இருந்த அந்த வசந்த காலத்தில், அதிகாலை 5.30 மணிப் புகையிரதத்தில் பயணம் செய்தவர்களின் முகங்களைப் பார்த்திருக்கின்றேன். தமிழ் முகங்களும், எரித்திரிய முகங்களும், போர்த்துக்கேய முகங்களுமே அங்கே மிகுந்திருந்தன.

இதனைக் கசப்போடு கூறவில்லை. கையால் செய்யும் வேலையில் இழிவு எதுவுமில்லை. ஆயினும் வீட்டிலிருந்து வேலை செய்தல் என்பது எல்லோருக்கும் கிடைத்த சுதந்திரம் என்று பேசப்படும்பொழுது, அச்சுதந்திரம் எவருடைய உழைப்பின் மேல் நிற்கின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் இருந்தவர்களுடைய குப்பையை அகற்றியவரும், அவர்களுடைய தாய் தந்தையரைக் குளிப்பாட்டியவரும் வீட்டில் இருக்கவில்லை.

இன்று நிலைமை மாறி வருகின்றது. எம்மிடம் தமிழ் கற்றுச் சென்ற பிள்ளைகள் வங்கிகளிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் பணிபுரிகின்றனர். வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கின்றனர். இதில் நான் நன்மையையும் காண்கின்றேன். நடுப்பகலில் அம்மம்மாவின் கையால் சோறு உண்டு, அவருடன் பத்து நிமிடம் தமிழில் பேசும் இளைஞன் ஒருவன், சனிக்கிழமை வகுப்பில் நாம் ஒரு மாதத்தில் கொடுப்பதை ஒரு வாரத்தில் பெற்றுவிடுகின்றான். கைக்குழந்தையுள்ள தாய்மார் சிலர் தொழிலைக் கைவிடாது தொடரவும் இம்முறை உதவியுள்ளது.

தீமையும் உண்டு. அலுவலகத்துக்குக் கதவு உண்டு. மாலையில் அதைப் பூட்டிவிட்டு வரலாம். சமையலறை மேசையில் விரிக்கப்பட்ட கணினிக்குக் கதவு இல்லை. மூன்றறை வீட்டில் தந்தை இரவு வேலை முடித்து உறங்க, மகள் தாழ்ந்த குரலில் கூட்டத்தில் பேச, தாய் ஓசை எழாதவாறு பாத்திரம் கழுவும் வீடுகளை நான் அறிவேன். தொழிலாளியின் வீடு முதலாளிக்கு இலவச அலுவலகம் அன்று என்பதை எம் இளைஞர்கள் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் தக்க இடம் வழங்கப்படாத ஒருவர் தம் வீட்டறையையே தொழிலுக்குப் பயன்படுத்தியமைக்காக, முதலாளி அவருடைய வாடகையில் ஒரு பங்கைத் தர வேண்டும் என 2019இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தொழிற்சட்டத்தின் மூன்றாம் ஒழுங்குவிதியின் 26ஆம் பிரிவு, பணியாளரின் நடத்தையைக் கண்காணிப்பதற்கான கருவிகளைப் பணியிடத்தில் பயன்படுத்தக் கூடாது என்கின்றது. விசைப்பலகையை எத்தனை முறை தட்டினார், எத்தனை நிமிடம் கதிரையை விட்டு எழுந்தார் என்று எண்ணும் மென்பொருள்கள் விற்கப்படும் காலத்தில் இவ்வாசகம் பொன் போன்றது.

அந்தரங்கம் என்னும் உரிமை

பெருந்தொற்றுக் காலத்தில் எமது தமிழ் வகுப்புகளும் திரைக்கு மாறின. அப்பொழுது ஆசிரியர்களாகிய எமக்கு எதிர்பாராத ஓர் அனுபவம் கிடைத்தது. பிள்ளைகளின் வீடுகள் எம் கண்முன் திறந்தன. ஒரு பிள்ளையின் பின்னால் சுவாமிப் படம். இன்னொரு பிள்ளையின் பின்னால் உறங்கும் தந்தை. இன்னொரு பிள்ளை குளியலறைத் தரையில் இருந்து எழுதினாள். அந்த வீட்டில் அமைதியான இடம் அது ஒன்றுதான். கமெராவை அணைத்து வைத்த பிள்ளைகளை நான் ஒருபொழுதும் வற்புறுத்தவில்லை. வீடு என்பது காட்சிப்பொருள் அன்று. ஒரு குடும்பத்தின் வறுமையும் நெருக்கமும் அக்குடும்பத்துக்கே உரியவை.

அந்தரங்கம் பற்றிய கவலை வெள்ளையர்களின் ஆடம்பரம் என்று எம்மவர் சிலர் நினைக்கின்றனர். "எங்களிட்ட ஒளிக்க என்ன கிடக்கு மாஸ்ரர்?" என்று கேட்கின்றனர். எனக்கு இக்கேள்வி வியப்பளிக்கின்றது. பட்டியல் என்றால் என்னவென்று எம்மைவிட அறிந்தவர் யார்? கொழும்பில் தங்கிய தமிழர் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்த காலத்தை மறந்துவிட்டோமா? வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். 2009இல் போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று, பெயர், வயது, ஊர், தொழில், உறவினர் என ஒவ்வொரு விபரத்தையும் கொடுத்தோம். அவ்விபரங்கள் யார் கைக்குச் செல்லும், எதற்குப் பயன்படும் என்று கேட்கும் உரிமை எமக்கு இருக்கவில்லை. எவரிடமும் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களும் அப்பட்டியல்களுக்கு அஞ்சினர்.

இந்நாட்டில் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. 2023 செப்ரெம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்திய தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தகவல்களைச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட வேண்டியவை என வகுக்கின்றது. ஒரு நிறுவனம் எம்மைப் பற்றி என்ன தகவல்களை வைத்திருக்கின்றது என எழுத்தில் கேட்டால், பொதுவாகக் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வைத்தியரும் அவருடைய உதவியாளரும் நோயாளியின் இரகசியத்தை வெளியிட்டால் அது குற்றம். வேலைத்தலத்துக்குக் கொடுக்கும் சுகவீனச் சான்றிதழில் நோயின் பெயர் எழுதப்படுவதில்லை. காப்புறுதி நிறுவனத்துக்குச் செல்லும் மருத்துவ விபரங்களை, அந்நிறுவனத்தின் நம்பிக்கை வைத்தியருக்கு மட்டுமே அனுப்பும்படி நாம் கோரலாம். கோரினால் எமது வைத்தியர் அதன்படி செய்தே ஆக வேண்டும். இதனை அறிந்த தமிழர் எத்தனை பேர்?

கைத்தொலைபேசியில் நடந்த அடிகளை எண்ணிக் காட்டினால் காசு தருகின்றோம் என்னும் செயலிகளைக் காப்புறுதி நிறுவனங்கள் அறிமுகம் செய்தன. 2019இல் அத்தகைய ஒரு செயலி பற்றிய வழக்கில், அடிப்படைக் காப்புறுதியின் தரவுகளை உரிய சம்மதமின்றி அச்செயலிக்காகப் பெற்றமை சட்டத்துக்கு முரணானது எனக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் கூறிற்று. சில பிராங்குகளுக்காக எமது உடலின் கணக்கைப் பிறரிடம் ஒப்படைக்குமுன் ஒருமுறை சிந்திப்பது நன்று.

ஆயினும் எமது சமூகத்தில் அந்தரங்கம் பெரும்பாலும் மீறப்படுவது நிறுவனங்களால் அன்று. அது எமது வீட்டு மேசையில், எமது பிள்ளைகளைக் கொண்டு மீறப்படுகின்றது. இதனையே நான் மிக முக்கியமாகக் கூற விரும்புகின்றேன்.

பிள்ளையின் தோளில் ஏற்றப்படும் சுமை

எமது பிள்ளைகள் ஜேர்மன் மொழியை எம்மைவிட நன்றாக அறிவர். ஆதலால் பத்து வயதிலேயே அவர்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகின்றனர். வரிக் கடிதமும் வீட்டு வாடகைக் கடிதமும் ஒருபுறம் இருக்கட்டும். தாயின் மகப்பேற்று நோயைப் பற்றி வைத்தியரிடம் பத்து வயது மகன் எடுத்துச் சொல்வதும், தந்தையின் மன அழுத்தத்தைப் பதின்மூன்று வயது மகள் விளக்குவதும் எந்த வகையில் நியாயம்? தாய் தன் வேதனையை மகனிடம் முழுமையாகச் சொல்லமாட்டாள். மகன் கேட்டதை முழுமையாக வைத்தியரிடம் சொல்லமாட்டான். வைத்தியர் அரைகுறைச் செய்தியை வைத்து மருந்து எழுதுவார்.

மொழிப் பிழையும் நேரும். "நாரி உளையுது" என்று தாய் சொல்கின்றார். நாரி என்பது எது என்று பிள்ளைக்குத் தெரியாது. முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிடுகின்றது. "நெஞ்சு எரியுது" என்கின்றார் தந்தை. இரைப்பைப் புளிப்பால் வரும் எரிவு நெஞ்சுவலியாகவும், உண்மையான நெஞ்சுவலி வெறும் எரிவாகவும் மாறிச் செல்லலாம். தலையிடியும் தலைச்சுற்றும் ஒன்றல்ல. குத்து, கடுப்பு, உளைவு, விறைப்பு, எரிவு என எமது மொழி வேதனையை வகைபிரித்து வைத்திருக்கின்றது. இவ்வகைகள் வைத்தியருக்கு வேண்டியவை. பிள்ளையோ எல்லாவற்றையும் "வலி" என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றது.

இன்று தொலைபேசி மருத்துவ ஆலோசனையை முதலில் பெற வேண்டும் என்னும் காப்புறுதி முறையும் உள்ளது. அதனைத் தெரிவு செய்தால் மாதக் கட்டணம் குறையும். வைத்தியரிடம் நேரே போகாமல் முதலில் தொலைபேசியில் அழைத்து நோயை விளக்க வேண்டும். அவசர நிலைமைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஜேர்மன் மொழி தெரிந்தவருக்கு இது வசதியான முறையே. ஆனால் அம்மொழியில் நோயை விளக்க முடியாத ஒரு தாய் இதனைத் தெரிவு செய்தால், தொலைபேசியை எடுப்பவர் யார்? பிள்ளைதான். குறைந்த கட்டணத்தின் மிகுதியைப் பிள்ளையே செலுத்துகின்றது.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. பல வைத்தியசாலைகள் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருகின்றன. நாம் கேட்க வேண்டும். முன்கூட்டியே கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். "வாறவர் எங்கட ஆளாயிருந்தால் ஊரெல்லாம் தெரிஞ்சிடுமே" என்று அஞ்சுவோர் உளர். சிறிய சமூகத்தில் அவ்வச்சம் இயல்பானது. அத்தகையோர் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். வேறு நகரில் இருந்து பேசும் அம்மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் முகமும் தெரிய வேண்டியதில்லை, பெயரும் தெரிய வேண்டியதில்லை. தொலைவிலிருந்து செய்யும் வேலை எமக்கு உண்மையில் பயன்படும் இடம் இது.

காப்புறுதிக் கணக்கு

இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பிறந்த குழந்தைக்கும் இறக்கும் முதியவருக்கும் எவரும் கட்டணச் சீட்டு நீட்டுவதில்லை. அதனால் காப்புறுதி என்ற எண்ணமே எம்மிற் பலருக்குப் புதிதாக இருந்தது. போரின் இறுதி மாதங்களில் வன்னியில் பாடசாலைக் கட்டடங்களே வைத்தியசாலைகளாயின. அங்கே கட்டணமும் இருக்கவில்லை, மருந்தும் இருக்கவில்லை. அந்நிலையைக் கண்டு வந்த எனக்கு, மருந்தும் வைத்தியரும் குறைவின்றி உள்ள இந்நாட்டில் கட்டணத்துக்கு அஞ்சி ஒருவர் வைத்தியரிடம் போகாதிருப்பது பொறுக்க முடியாததாக இருக்கின்றது.

1994 டிசெம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்க் காப்புறுதிச் சட்டம் 1996 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி இங்கு வாழும் ஒவ்வொருவரும் அடிப்படைக் காப்புறுதி பெற்றே ஆக வேண்டும். எந்த நிறுவனமும் வயதையோ நோயையோ காட்டி அடிப்படைக் காப்புறுதியை மறுக்க முடியாது. எல்லா நிறுவனங்களும் வழங்க வேண்டிய சிகிச்சைகளும் ஒன்றே. இவை போற்றத்தக்க ஏற்பாடுகள். ஆனால் கட்டணம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வங்கி முகாமையாளரும் அவருடைய அறையைத் துடைப்பவரும் ஒரே இடத்தில் ஒரே நிறுவனத்தில் ஒரே முறையைத் தெரிவு செய்தால் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். 2025ஆம் ஆண்டுக்கான சராசரி மாதக் கட்டணம் 378.70 பிராங், 2026ஆம் ஆண்டுக்கு 393.30 பிராங். இது பிள்ளைகளையும் சேர்த்த சராசரி. வளர்ந்தோருக்கு இதனிலும் கூடும். குடும்ப வருமானத்தின் 10 வீதத்துக்கு மேல் எவரும் காப்புறுதிக்குச் செலுத்தக் கூடாது என்னும் யோசனை 2024 ஜூன் 9ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோரில் 55.5 வீதமானோர் அதனை நிராகரித்தனர். எம்மில் வாக்குரிமை பெற்றிருந்தும் அன்று வாக்களிக்காதோர் இருப்பின், அதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, எம்மவரை அதிகம் குழப்பும் 'பிரான்சீஸ்' என்னும் சுயபொறுப்புத் தொகைக்கு வருவோம். வளர்ந்த ஒருவர் 300 பிராங் முதல் 2500 பிராங் வரை இதனைத் தெரிவு செய்யலாம். அத்தொகை வரை வைத்தியச் செலவை அவரே ஏற்க வேண்டும். அதற்கு மேல் வரும் செலவில் 10 வீதம், ஆண்டுக்கு 700 பிராங் வரை, அவருடைய பங்கு. ஆகவே 300 பிராங் எடுத்தவர் நோய்வாய்ப்பட்ட ஆண்டில் கூடியது 1000 பிராங் செலுத்துவார். 2500 எடுத்தவர் 3200 பிராங் செலுத்துவார். வைத்தியசாலையில் தங்கும் நாளுக்கான 15 பிராங் இருவருக்கும் பொது.

கூடிய சுயபொறுப்பை ஏற்றால் மாதக் கட்டணம் குறையும். எவ்வளவு குறையலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கூடுதலாக ஏற்ற பொறுப்பின் 70 வீதமே உச்சம். 2500இல் 300ஐக் கழித்தால் 2200. அதன் 70 வீதம் 1540. நோயில்லாத ஆண்டில் 1540 பிராங் வரை மிச்சம். பெரும் நோய் வந்த ஆண்டில் 2200 பிராங் கூடுதல் செலவு. மிச்சம் பிடித்த 1540ஐக் கழித்தால் நட்டம் 660. ஆண்டுக்குரிய வைத்தியச் செலவு சுமார் 2000 பிராங்கைத் தாண்டினால் 300 இலாபம். தாண்டாவிட்டால் 2500 இலாபம்.

கணக்கின்படி பார்த்தால், நோயற்ற இளைஞருக்கு 2500 தவறன்று. அப்படியாயின் பிழை எங்கே? 2500 பிராங்கைச் சேமிப்பில் வைத்திருப்பவருக்கே அது மலிவு. கையில் அத்தொகை இல்லாதவர் அதனைத் தெரிவு செய்தால், அவர் காப்புறுதிக்குக் கட்டணமும் செலுத்துகின்றார். வைத்தியரிடம் போகவும் அஞ்சுகின்றார்.

இங்கு ஓர் அம்மாவின் கதையைக் கூறுகின்றேன். அவருடைய அனுமதியைப் பெற்றே, அடையாளம் தெரியாதவாறு எழுதுகின்றேன். கட்டணம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு அவர் 2500ஐத் தெரிவு செய்தார். பின்னர் கால் விறைக்கத் தொடங்கியது. அடிக்கடி தாகம் எடுத்தது. எம் போன்ற தென்னாசியரிடையே நீரிழிவு அதிகம் என்பதை அவரும் அறிவார். ஆயினும், "போனால் முழுக்க என்ர காசு, வருஷம் முடியட்டும்" என்று ஒத்திப்போட்டார். மறு ஆண்டும் அதே கணக்கு. மகளிடம் சொல்லவில்லை, மகளுக்குப் பரீட்சை. இரண்டு ஆண்டுகளின் பின் சென்றபொழுது நீரிழிவு கண்ணைத் தொட்டிருந்தது. இன்று சிகிச்சை பெறுகின்றார். ஆனால் இழந்த பார்வையின் ஒரு பகுதி திரும்பவில்லை. அவர் மிச்சம் பிடித்த தொகையை நான் கூட்டிப் பார்க்க விரும்பவில்லை.

இங்கே மூன்று கணக்குகளும் ஒன்று சேர்வதைக் காண்கின்றோம். அவருடைய வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதன்று. விடுப்பு எடுத்தால் மேற்பார்வையாளரின் முகம் மாறும். அவருடைய நோயை மகளைத் தவிர வேறெவர் மூலமும் வைத்தியரிடம் சொல்லலாம் என அவர் அறியவில்லை. அவருடைய காப்புறுதி அவரைக் காக்கவில்லை, தடுத்தது.

சில நடைமுறைக் குறிப்புகள்

பெற்றோர்களே, பின்வருவனவற்றை மனத்தில் இருத்துங்கள்.

கட்டண உதவி என்பது பிச்சையன்று, சட்டம் தந்த உரிமை. சில கன்ரன்களில் அது வரிக் கணக்கைக் கொண்டு தானாகவே கிடைக்கும். சிலவற்றில் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்திலேயே வரி கழிக்கப்படுவோர் பல இடங்களில் தாமே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தைச் செலுத்தாமல் விட்டால் கடன் அறவீட்டுப் பதிவில் பெயர் ஏறும். வீடு தேடும்பொழுதும், குடியுரிமை கோரும்பொழுதும் அப்பதிவு குறுக்கே நிற்கும். செலுத்த இயலாவிட்டால் மௌனமாக இராமல், தவணை முறையைக் கேட்டு எழுதுங்கள்.

நிறுவனத்தை மாற்றவோ சுயபொறுப்புத் தொகையைக் குறைக்கவோ விரும்பினால், உங்கள் கடிதம் நவம்பர் மாதத்தின் இறுதி வேலைநாளுக்குள் நிறுவனத்தைச் சென்றடைய வேண்டும். அனுப்பிய நாள் கணக்கில் வராது, சேர்ந்த நாளே கணக்கு. பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் வேலைத்தலக் காப்புறுதி உண்டு. அவர் நோய்க் காப்புறுதியிலிருந்து விபத்துப் பகுதியை நீக்கிக் கட்டணத்தைச் சிறிது குறைக்கலாம். ஆனால் நான்கு வீடுகளில் ஐந்தைந்து மணித்தியாலம் துப்புரவு செய்யும் சகோதரிகள் அதனை நீக்கவே கூடாது. மொத்தம் 20 மணித்தியாலம் உழைத்தாலும் எந்த ஒரு முதலாளியிடமும் 8 மணித்தியாலம் ஆவதில்லை.

கட்டணங்களை ஒப்பிட மத்திய அரசின் 'பிறிம்இன்ஃபோ' என்னும் இணையத்தளம் உள்ளது. ஊரின் தபாற் குறியீட்டையும் பிறந்த ஆண்டையும் கொண்டே அது கணக்குக் காட்டும். அறிமுகமில்லாத முகவர் எவரேனும் தொலைபேசியில் அழைத்தால் காப்புறுதி இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். முன் தொடர்பில்லாதவரை இவ்வாறு அழைத்து வியாபாரம் பேசுவது 2024 செப்ரெம்பரிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. காப்புறுதி அட்டையையும் வைத்திய அறிக்கையையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு விளக்கம் கேட்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அக்குழுவில் இருக்கும் 150 பேரில் 10 பேரைத்தான் நீங்கள் அறிவீர்கள்.

பாடசாலை செய்யக்கூடியது

தமிழ்ப் பாடசாலைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டு தொடர்புகள் உண்டு.

முதலாவது, மொழி. உடல் உறுப்புகளின் பெயர்களையும் வேதனையின் பெயர்களையும் மேல்வகுப்பு மாணவருக்குக் கற்பிக்க விரும்புகின்றேன். ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், நாரி, முழங்கால், விலா என்பன எமது பாடநூல்களில் அரிதாகவே வருகின்றன. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவதற்காக இதனைக் கூறவில்லை. அம்மம்மா "விலாப்பக்கம் குத்துது" என்றால் அது என்னவென்று விளங்கிக்கொண்டு, அவருடைய கையைப் பிடித்திருக்க ஒரு பேரப்பிள்ளைக்கு இயல வேண்டும். அவர்களில் சிலர் நாளை வைத்தியராகவும் தாதியராகவும் வருவர். அன்று ஒரு தமிழ் முதியவர் தம் நோயைத் தம் சொல்லிலேயே சொல்லக் கேட்கும் வைத்தியர் ஒருவர் இந்நாட்டில் இருப்பார்.

இரண்டாவது, கூட்டு உதவி. நவம்பருக்கு முன் ஆண்டுக்கொரு முறை பெற்றோருக்கான விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்துமாறு நிர்வாகத்திடம் கேட்டேன். அவர்களும் மனமுவந்து சம்மதித்துள்ளனர். எமது பழைய மாணவர்களுள் காப்புறுதித் துறையிலும் தாதியர் பணியிலும் இருப்போர் சிலர் இலவசமாக உதவ முன்வந்துள்ளனர். கூட்டத்தில் எவரும் எதையும் விற்கமாட்டார்கள். தனியாகப் பேச விரும்புவோருக்குத் தனி அறை உண்டு. அங்கே வருகைப் பதிவேடு வைக்கப்படமாட்டாது. பெயர் எழுத வேண்டியதில்லை.

ஒக்ரோபர் மாத இறுதிச் சனிக்கிழமை, வகுப்புகள் முடிந்தபின் மேல்மாடியில் சந்திப்போம். காப்புறுதிப் பத்திரத்தையும் இவ்வாண்டு வந்த கட்டணச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளை மைதானத்தில் விளையாட விட்டுவிட்டு வாருங்கள்.